அகப்பைக் கணக்கு: உதுமானியப் பள்ளிவாசல்களின் கஞ்சிக்கூடங்கள்

நோன்பு மாதத்தில் அசர் எனும் பிற்பகல் தொழுகை முடிந்த கையோடு எங்கள் ஊர்ப் பள்ளிவாசலின் பக்கவாட்டுக் கதவோரம் தூக்குவாளிகள் வரிசை கட்டிவிடும். வாளிக்குச் சொந்தக்காரப் பிள்ளைகள் தெருவில் விளையாடிக்கொண்டிருப்பார்கள். வாளி மட்டும் தன் முறைக்குக் காத்திருக்கும். உள்ளே தேக்சாவில் கொதிக்கிற கஞ்சியின் வாசனை, பட்டையும் பூண்டும் வெந்தயமும் கலந்து, தெருமுனை வரைக்கும் வரும். கதவு திறந்ததும் ஒருவர் அகப்பையால் மொண்டு மொண்டு ஊற்றுவார். யார் வீட்டு வாளி, எந்தத் தெரு என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டு வாளிக்கு மூடி சரியாக உட்காராது. வீடு வந்து சேர்வதற்குள் விரலெல்லாம் கஞ்சி. இதற்கென்று தமிழ்நாடு அரசு பள்ளிவாசல்களுக்கு அரிசி ஒதுக்குகிறது என்பதெல்லாம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும்.

அந்த வாளி நினைவோடு, துருக்கியை மையமாகக் கொண்டு ஆண்ட உதுமானியப் (ஒட்டோமான்) பேரரசின் 'இமாரத்'களைப் பற்றிப் படிக்கப் போனால், ஓரிடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. பள்ளிவாசலை ஒட்டி, ஆண்டு முழுவதும், தினம் இரண்டு வேளை, நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய கூடங்கள் அவை. அவற்றின் விதிகளில் திரும்பத் திரும்ப வருகிற ஒன்று: வாளி கொண்டுவந்து சாப்பாட்டை வெளியே எடுத்துப்போகக் கூடாது. சாப்பிடுகிறவர் உள்ளே வந்து, உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். விதிவிலக்கு சிலருக்கு மட்டும்.

கஞ்சி ஊற்ற மனமிருப்பவர்களுக்கு வாளி மேல் என்ன கோபம்? இதற்குப் பதில் தேடினால் இமாரத் என்ற ஏற்பாட்டின் உள்கட்டு முழுவதும் தெரிந்துவிடும்.

முதலில் சொல்லைப் பார்த்துவிடலாம். அரபியில் 'இமாரா' என்றால் கட்டுவது, ஓர் இடத்தைச் செழிக்க வைப்பது. உருதுவிலும் இந்தியிலும் இன்றைக்கும் இமாரத் என்றால் கட்டடம்தான். துருக்கியில் இந்தச் சொல் தொடக்கத்தில் ஒரு வளாகம் முழுவதையும் குறித்தது: நடுவில் பள்ளிவாசல், சுற்றிலும் மதரசா, மருத்துவமனை, பயணியர் விடுதி, குளியல் கூடம், குதிரை லாயம், சமையற்கூடம். காலப்போக்கில் வளாகத்துக்குக் 'குல்லியே' என்ற பெயர் நிலைத்தது. இமாரத் என்பது சுருங்கிச் சுருங்கிச் சமையற்கட்டுக்கு மட்டுமான பெயராயிற்று. ஊரைச் செழிக்க வைப்பது என்ற பொருளில் தொடங்கிய சொல் கடைசியில் அடுப்படியில் வந்து நின்றதை நான் இறக்கமாக நினைக்கவில்லை. சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறது.

அரபு நாடுகளில் இதே கூடத்துக்குத் 'தக்கிய்யா' என்று பெயர். காயல்பட்டினத்துக்காரர்களுக்கும் கீழக்கரைக்காரர்களுக்கும் இலங்கை முஸ்லிம்களுக்கும் இந்தச் சொல் அந்நியமாக இருக்காது. நம்முடைய 'தைக்கா' இதன் உறவுதான். ஞானிகள் தங்கவும், ஓதவும், வந்தவர்க்குச் சோறு போடவுமான இடம் என்ற பொருள் கடல் தாண்டியும் பெரிதாக மாறவில்லை.

உதுமானியர்களின் முதல் இமாரத்தாகச் சொல்லப்படுவது இஸ்னிக் நகரில் சுல்தான் ஓர்ஹான் 1336 வாக்கில் கட்டியது. அங்கே முதல் நாள் மாலை ஓர்ஹானே தன் கையால் சாப்பாடு பரிமாறினார், விளக்கையும் அவரே ஏற்றினார் என்று 15ஆம் நூற்றாண்டு வரலாற்று எழுத்தாளர் ஆஷிக்பாஷாசாதே எழுதிவைத்திருக்கிறார். நடந்ததோ, கதையோ, அரசன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அந்தக் காலத்தவர் நினைத்தது தெரிகிறது: வாள் பிடித்த கையில் அகப்பை. ஆனால் அதே இஸ்னிக் சில ஆண்டுகளுக்கு முன்புதான் பைசாந்தியர்களிடமிருந்து, அதாவது கிழக்கு ரோமப் பேரரசிடமிருந்து, பிடிபட்ட ஊர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிடித்த ஊரில் மக்கள் தங்க வேண்டும், புது ஆட்கள் வந்து குடியேற வேண்டும், வணிகர்கள் பயமில்லாமல் வந்துபோக வேண்டும். அதற்கு என்ன செய்வது? ஒரு பள்ளிவாசல், ஒரு குளியல் கூடம், ஒரு சமையற்கட்டு. அடுப்பெரிகிற இடத்தைச் சுற்றி ஊர் தானாக வளரும்.

1453இல் கான்ஸ்டான்டிநோபிளை, அதாவது இன்றைய இஸ்தான்புல்லை, பிடித்த சுல்தான் இரண்டாம் மெஹ்மதும் இதையே பெரிய அளவில் செய்தார். முற்றுகைக்கு முன்பே அந்த நகரம் பாதி காலியாகத்தான் கிடந்தது. 1463 முதல் 1470 வரை அவர் கட்டிய ஃபாத்திஹ் வளாகத்தில் எட்டு உயர்நிலை மதரசாக்கள், மருத்துவமனை, விடுதி, தினம் ஆயிரம் பேருக்கு மேல் சாப்பிட்ட இமாரத் எல்லாம் இருந்தன. சாப்பிட்டவர்களில் பெரும்பகுதி மாணவர்களும் ஆசிரியர்களும் ஊழியர்களும்தான். ஒரு பல்கலைக்கழக நகரத்துக்கான உணவுக்கூடம் என்று சொன்னால் பாதி சரியாக இருக்கும்.

சரி, தினம் ஆயிரம் பேருக்குச் சோறு போடப் பணம்?

வக்ஃபு. இந்தச் சொல் நம் செய்தித்தாள்களில் வழக்கு, ஆக்கிரமிப்பு, சட்டத்திருத்தம் என்ற செய்திகளோடு மட்டுமே அடிபடுவதால், அது எப்படி இயங்கியது என்பதே பலருக்கு மறந்துவிட்டது. ஒருவர் தன் சொத்தை இறைவனுக்கென்று ஒதுக்கி எழுதிவிடுகிறார். அப்புறம் அந்தச் சொத்தை விற்க முடியாது, பிள்ளைகளுக்குப் பிரிக்க முடியாது. அதிலிருந்து வருகிற வருமானம் மட்டும், அவர் எழுதிவைத்த காரியத்துக்கு, காலாகாலத்துக்கும் போக வேண்டும். எழுதிவைப்பதற்குத் துருக்கியில் 'வக்ஃபியே' என்று பெயர். அந்த ஆவணத்தில் எந்தக் கிராமத்தின் வரி, எந்தக் கடையின் வாடகை, எந்தக் குளியல் கூடத்தின் வசூல் என்று தொடங்கி, எத்தனை ஆட்கள் வேலை பார்க்க வேண்டும், அவர்களுக்குத் தினக்கூலி என்ன, காலையில் என்ன கஞ்சி, வெள்ளிக்கிழமை என்ன விசேஷம் என்பது வரை எழுதியிருக்கும். நம் கோயில் கல்வெட்டுகளில் அமுதுபடிக்கு இன்ன நிலம், விளக்குக்கு இத்தனை ஆடு என்று வெட்டியிருப்பதைப் படித்தவர்களுக்கு இந்த நடை உடனே பிடிபடும்.

இப்படியான ஆவணங்களில் ஒன்றை மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம்: ஜெரூசலேமில் ஹுர்ரம் சுல்தான் வைத்த கஞ்சிக்கூடம்.

ஹுர்ரம் இன்றைய உக்ரைன் பகுதியிலிருந்து அடிமையாகப் பிடித்துவரப்பட்ட பெண். சுலைமான் சுல்தானின் அந்தப்புரத்துக்கு வந்து, அவருடைய சட்டபூர்வ மனைவியாகவே ஆனவர். உதுமானிய அரண்மனையில் அது வழக்கத்துக்கு மாறான உயர்வு. 'ஹாஸெக்கி சுல்தான்' என்பது அவருடைய பட்டம். இஸ்தான்புல்லில் 1530களின் இறுதியில் அவர் பெயரில் எழுந்த வளாகத்தைக் கட்டியவர் உதுமானியரின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் மிமார் சினான். அரச வளாகம் கட்டுவதில் அவருக்கு அதுதான் தொடக்கம். அங்கே ஹுர்ரம் வைத்த மருத்துவமனை ஹாஸெக்கி என்ற பெயரோடு இன்றைக்கும் நோயாளிகளைப் பார்க்கிறது. 1550களில் அவர் கவனம் ஜெரூசலேம் பக்கம் திரும்பியது. நகரின் மதில்களை அவர் கணவர் ஏற்கெனவே புதுப்பித்து முடித்திருந்தார். மனைவி உள்ளே அடுப்பு மூட்டினார்.

இடம், அல் அக்ஸா பள்ளிவாசல் இருக்கிற ஹரம் அஷ்ஷரீஃபு வளாகத்துக்குக் கொஞ்சம் மேற்கே. உதுமானியருக்கு முன் அங்கே ஆண்ட மம்லூக்குகளின் காலத்தில், 14ஆம் நூற்றாண்டில், துன்ஷுக் என்ற சீமாட்டி கட்டிய மாளிகை அங்கே இருந்தது. அதைச் சேர்த்துக்கொண்டு பள்ளிவாசல், 55 அறைகள், பயணிகளும் அவர்கள் மிருகங்களும் தங்க ஒரு விடுதி, பெரிய சமையற்கூடம், ரொட்டி அடுப்பு, தானியக் கிடங்கு, கழிப்பறைகள் என்று வளாகம் அமைந்தது. இதற்காக எழுதிவைத்த கிராமங்களில் லுத், யாஸூர், பைத் தஜன் போன்றவை பாலஸ்தீனத்தின் வளமான சமவெளியில் இருந்தன. வடக்கே திரிப்போலி பக்கத்திலும் சொத்து உண்டு. ஹுர்ரம் 1558இல் இறந்தபிறகு சுலைமானும் தன் பங்குக்குக் கிராமங்களைச் சேர்த்தார். ஒரு விவசாயி லுத் பக்கத்தில் கோதுமை அறுத்தால் அதில் ஒரு பங்கு மலையேறி ஜெரூசலேம் அடுப்புக்குப் போகும். அரிசிக்கு அந்த வழி இல்லை. அது பாலஸ்தீனத்தில் விளைகிற பயிராக இருக்கவில்லை. எகிப்திலிருந்து கப்பலில் வர வேண்டும். விறகு இன்னொரு தலைவலி. மரம் குறைந்த அந்த மலைநாட்டில் தினம் இரண்டு வேளை அண்டா கொதிக்க எவ்வளவு விறகு ஆகும் என்பதை, கல்யாண வீட்டில் ஒரு நாள் விறகடுப்பு பார்த்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

சமையல் பட்டியல் எளிமையானது. காலையில் அரிசிக் கஞ்சி: நெய், கொண்டைக்கடலை, வெங்காயம், உப்பு. மாலையில் உடைத்த கோதுமைக் கஞ்சி. பேரரசு முழுவதும் ஏறக்குறைய இதே வரிசைதான், காலைக்கு அரிசி, மாலைக்குக் கோதுமை. வெள்ளிக்கிழமை இரவுகளிலும் ரமலானிலும் பெருநாட்களிலும் மட்டும் 'தானே' என்ற ஆட்டுக்கறிச் சோறும், 'ஸெர்தெ' என்ற இனிப்பும். ஸெர்தெ என்பது குங்குமப்பூ போட்டு மஞ்சளாக்கிய இனிப்புச் சோறு. நம்மூர் ஜர்தாவின் அக்காள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இஸ்தான்புல்லில் அரண்மனைக் கல்யாணத்தில் பரிமாறிய அதே இரண்டு பதார்த்தங்கள்தான் ஜெரூசலேம் ஏழையின் வெள்ளிக்கிழமைத் தட்டிலும் வந்தன. வாரத்தில் ஒரு வேளை அரசன் சாப்பிடுவதை நீயும் சாப்பிடு என்ற செய்தி அதில் இருந்தது. அரசனுக்கு அது மலிவான விளம்பரம். சாப்பிட்டவனுக்கு வயிறு நிறைந்தது. எது முதல் நோக்கம் என்று நாம் இப்போது பிரித்துப் பார்க்க முடியாது.

யாருக்கெல்லாம்? 400 ஏழைகள், 55 அறைகளில் தங்கியிருந்தவர்கள், ஏறத்தாழ 50 ஊழியர்கள். ஆக, வேளைக்குச் சுமார் 500 பேர். ஊரின் மொத்த மக்கள்தொகையே பத்துப் பதினைந்தாயிரம் இருந்த காலம்.

இப்போது அகப்பைக்கு வருவோம். ஆவணத்தில் அளவு சொல்லியிருக்கிறது. ஊழியருக்கு ஓர் அகப்பைக் கஞ்சி, இரண்டு ரொட்டி. அறைகளில் தங்கியவர்களுக்கு ஓர் அகப்பை, ஒரு ரொட்டி. ஏழைகளுக்கு இருவருக்குச் சேர்த்து ஓர் அகப்பை, ஆளுக்கொரு ரொட்டி. யார் முதலில் சாப்பிடுவது என்பதிலும் படிநிலை உண்டு. ஊழியர்கள் முதல் பந்தி, பிறகு தங்கியவர்கள், பிறகு ஏழைகள். அவர்களிலும் ஆண்கள் முன்னே, பெண்களும் குழந்தைகளும் பின்னே. கடைசிப் பந்திக்கு அண்டாவில் என்ன மிஞ்சியிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இதைப் படிக்கும்போது முதலில் எரிச்சல்தான் வந்தது. தர்மக் கஞ்சியில் ஏழைக்குப் பாதி அகப்பையா? ஆனால் அவர்கள் கண்ணால் பார்த்தால் விஷயம் வேறு. இமாரத்தில் சாப்பிடுவது பிச்சை வாங்குவதாகக் கருதப்படவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. அதை அவர் வந்து வாங்கிக்கொள்கிறார். மதரசா மாணவனுக்கு அது உதவித்தொகை. ஊழியருக்குச் சம்பளத்தின் ஒரு பகுதி. பயணிக்கு விருந்து. ஏழைக்கு அவன் உரிமை. பங்கு என்று வந்துவிட்டால் பங்கில் உயர்வு தாழ்வும் வந்துவிடுகிறது. சமத்துவத்தை நினைத்துக் கட்டிய இடமில்லை அது. சமூகத்தில் இருந்த படிக்கட்டை அப்படியே சாப்பாட்டுக்கூடத்துக்குள் கொண்டுவந்து, கடைசிப் படிக்கும் ஒரு பங்கு உண்டு என்று எழுத்தில் உறுதிசெய்த இடம்.

வாளிக்குத் தடை போட்டதும் இதனால்தான். வாளி உள்ளே வந்தால் கணக்கு உடைந்துவிடும். இருவருக்கு ஓர் அகப்பை என்று எழுதியிருக்கிற இடத்தில், பலசாலி ஒருவன் நான்கு பேர் பங்கை மொண்டுகொண்டு போனால் கடைசிப் பந்தி பட்டினி. வெளியே போன கஞ்சி விலைக்கும் போகலாம். அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டால் ஒரு வயிற்றுக்கு மேல் ஒருவரால் திருட முடியாது. வயிறுதான் அவர்களுடைய அளவுபடி.

ஊழியர் எண்ணிக்கையையும் கவனிக்க வேண்டும். சுமார் 50 பேர் என்றால் எட்டு ஏழைகளுக்கு ஒரு வேலையாள். தலைமைச் சமையற்காரர், உதவியாளர்கள், ரொட்டி சுடுகிறவர்கள், கிடங்கு பார்ப்பவர், கொள்முதல் செய்கிறவர், கணக்கர், அரிசியில் கல் பொறுக்குகிறவர், கோதுமை இடிக்கிறவர், பாத்திரம் கழுவுகிறவர், குப்பை அள்ளுகிறவர், வாசல் காக்கிறவர். ஏழைக்குச் சோறு போடுகிற இடம் என்பதோடு, ஊரில் ஐம்பது குடும்பங்களுக்கு வேலை கொடுக்கிற இடமும் ஆகிவிட்டது. பிற்காலத்தில் சிக்கலும் இங்கேதான் முளைத்தது. சாப்பாட்டுப் பங்கு எழுத்தில் இருக்கிற உரிமை என்பதால், மனுப்போட்டு வாங்கலாம், குடும்பத்தில் தக்கவைத்துக்கொள்ளலாம். 18ஆம் நூற்றாண்டில் இந்த ஹாஸெக்கி கூடத்தின் பங்குப் பட்டியலைப் பார்த்த ஆய்வாளர்கள், அதில் ஊரின் பெரிய மார்க்கக் குடும்பங்களும் அதிகாரிகளும் நல்ல பங்கு வாங்கிக்கொண்டிருந்ததைக் காட்டியிருக்கிறார்கள். ரேஷன் கார்டு உள்ள எந்த நாட்டுக்காரனுக்கும் இது புதிய கதை கிடையாது.

கஞ்சியோடு கட்டுரையை முடித்தால் பாதிதான் சொன்னதாகும். இமாரத்துக்குப் பக்கத்திலேயே இருந்த இன்னொரு கட்டடம் 'தாப்ஹானே', பயணியர் தங்குமிடம். தமிழ்நாட்டு ஊர்களில் முசாபர்கானா என்று ஒரு காலத்தில் சொன்னோமே, அதன் பெரிய வடிவம். பொதுவான விதி: மூன்று நாள் தங்கலாம். விருந்தோம்பல் மூன்று நாள், அதற்கு மேல் கொடுப்பது தர்மம் என்ற நபிமொழியிலிருந்து வந்த கணக்கு இது. நம்மூரில் 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்கிறோம். ஃபாத்திஹ் வளாகத்தில் பயணி வந்து இறங்கியதும் களைப்புத் தீர ரொட்டியும் தேனும் கொடுக்கும் ஏற்பாடு இருந்தது. அவர் குதிரைக்கும் தீனி. அந்த வளாகத்தைப் பற்றி எழுதிய ஸ்பன்டூனெஸ் என்ற கிரேக்க வம்சத்து எழுத்தாளர், துருக்கியர், கிறிஸ்தவர், யூதர் எல்லாருக்கும் அங்கே இடமிருந்தது, வசதியுள்ள பெரிய மனிதர்களே வந்து தங்கியதையும் பார்த்தேன் என்று குறிப்பிடுகிறார். அவர் உதுமானியரின் நண்பர் அல்ல. அவர்களை எதிர்த்துப் போருக்கு வாருங்கள் என்று ஐரோப்பிய அரசர்களைத் தூண்டியவர். அதனால் அவர் வாயிலிருந்து வருகிற பாராட்டுக்கு எடை அதிகம்.

டமாஸ்கஸில் பரதா ஆற்றங்கரையில் சினானின் வடிவமைப்பில் 1550களில் எழுந்த தக்கிய்யா சுலைமானிய்யா முழுக்க ஹஜ் பயணிகளை நினைத்துக் கட்டியது. மக்காவுக்குப் போகும் பெரிய ஒட்டகச் சாத்து அந்த நகரில்தான் திரண்டு புறப்படும். பாலைவனத்துக்குள் இறங்குவதற்கு முன் பயணிகளுக்கு அங்கே சூடான சாப்பாடும் நிழலும் கிடைத்தன. ஜெரூசலேமிலேயே, ஏரோது வாசலுக்குப் பக்கத்தில், இந்தியப் பயணிகளுக்கென்று ஒரு தங்குமிடம் இருக்கிறது. சூஃபி ஞானி பாபா ஃபரீத் 1200 வாக்கில் வந்து தங்கித் தவமிருந்த இடம் என்பது அங்குள்ள நம்பிக்கை. 1924 முதல் சஹரன்பூரிலிருந்து போன அன்சாரி குடும்பம் அதைப் பராமரித்து வருகிறது. உலகப் போர்க் காலத்தில் இந்தியச் சிப்பாய்களும் அங்கே தங்கினார்கள். சுல்தான்களின் இமாரத் வரிசையில் சேராத சிறிய சாவியாதான், சூஃபி மடம்தான், அது. ஆனாலும் வழி ஒன்றுதான்.

மருத்துவமனை இருந்த வளாகங்களில் எதிர்னே நகரத்தைச் சொல்லாமல் போக முடியாது. சுல்தான் இரண்டாம் பாயஸீத் 1484 முதல் 1488 வரை துன்ஜா ஆற்றங்கரையில் கட்டிய வளாகம் அது. மருத்துவமனையின் நடுக்கூடம் அறுகோணம், மேலே குவிமாடம், சுற்றிலும் நோயாளிகளின் அறைகள், நடுவில் நீரூற்று. 17ஆம் நூற்றாண்டில் அங்கே போன உதுமானியப் பயண எழுத்தாளர் எவ்லியா செலெபி எழுதியிருப்பது இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. பாடகர் மூன்று பேர், குழலும் நரம்புக் கருவிகளும் வாசிப்பவர்கள் என்று பத்துப் பேர் கொண்ட குழு, வாரத்தில் மூன்று நாள் மனநோயாளிகளுக்கு வாசித்ததாம். வசந்தத்தில் பூக்களைக் கொடுத்து முகரச் சொன்னார்களாம். கவுதாரி போன்ற பறவைகளைச் சமைத்துக் கொடுத்தார்களாம். எவ்லியா கொஞ்சம் ஊதிச் சொல்கிற ஆள், உண்மைதான். ஆனாலும் அந்தக் குவிமாடத்துக் கீழே ஓசை எப்படிப் பரவுகிறது என்பதை இப்போதும் போய்க் கேட்டுப் பார்க்கலாம். கட்டடம் இன்று திராக்யா பல்கலைக்கழகத்தின் மருத்துவ அருங்காட்சியகம். 2004இல் ஐரோப்பிய கவுன்சிலின் அருங்காட்சியகப் பரிசு வாங்கியது.

அதே எவ்லியாதான் இன்னோர் இடத்தில் பெருமையடித்துக்கொள்கிறார்: ஐம்பது ஆண்டுக்கு மேல் பதினெட்டு அரசர்களின் நாடுகளில் சுற்றியிருக்கிறேன், நம் இமாரத்தைப் போல ஒன்றை எங்கும் பார்க்கவில்லை என்று. போகிற ஊரெல்லாம் இலவசமாகச் சாப்பிட்ட ஒரு பயணியின் நன்றிக்கடனும் அதில் கலந்திருக்கும்.

எல்லாருக்கும் அந்த நன்றி இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பயணிகளும், அவர்களைப் படித்த உதுமானியச் சீர்திருத்தக்காரர்களும், சும்மா சோறு போட்டு ஆட்களைச் சோம்பேறியாக்குகிறது என்று இமாரத்தைத் தாக்கினார்கள். இன்றைய கிரேக்கத்தில் இருக்கும் கவாலா நகரில், எகிப்தை ஆண்ட முகம்மது அலி பாஷா 1817 வாக்கில் தன் பிறந்த ஊருக்காகக் கட்டிய இமாரத்துக்கு உள்ளூரார் வைத்த பட்டப்பெயரே 'தெம்பெல்ஹானே', சோம்பேறி மடம். நம் காதுக்கு இது பழகிய பாட்டு. சத்துணவு தொடங்கி இலவச அரிசி வரைக்கும் தமிழ்நாட்டில் கேட்காத குறையா? அந்தச் 'சோம்பேறிகள்' பெரும்பாலும் மதரசா மாணவர்கள் என்பதைத் தாக்கியவர்கள் வசதியாக விட்டுவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

உண்மையில் இமாரத்தைச் சாய்த்தது சோம்பல் பற்றிய விவாதம் இல்லை. பணம் வந்த குழாயை அடைத்தார்கள். 1826இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் வக்ஃபுகளுக்கென்று மைய நிர்வாகத்தை உருவாக்கினார். ஊருக்கு ஊர், ஆவணத்துக்கு ஆவணம் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்த வருமானம் தலைநகரக் கருவூலத்தில் போய் விழுந்து, அங்கிருந்து திரும்பி வர வேண்டியதாயிற்று. போனது முழுக்கத் திரும்பி வருமா? போர்களும் கடனும் நெருக்கிய அரசுக்கு எங்கோ ஒரு சமையற்கட்டின் நெய்க் கணக்கு கடைசி அக்கறை. 1911இல் இஸ்தான்புல்லின் பெரும்பாலான இமாரத்கள் மூடப்பட்டன. அடுத்த சில ஆண்டுகளில் உலகப் போர் வந்து, தலைநகரத்திலேயே மக்கள் ரொட்டிக்கு அலைந்தபோது, மூடிய அடுப்புகளில் சிலவற்றை மறுபடி மூட்ட வேண்டிவந்தது.

கட்டடங்கள் என்ன ஆயின? இஸ்தான்புல்லில் இருக்கும் சுலைமானிய்யா பள்ளிவாசல் வளாகத்தின் இமாரத் பின்னாளில் உணவகமானது. காசு கொடுத்தால் உதுமானியச் சாப்பாடு கிடைத்தது. இஸ்னிக்கில் முதலாம் முராத் 1388இல் தன் தாய் நிலூஃபர் ஹாத்தூன் நினைவாகக் கட்டியது அருங்காட்சியகம். கிரேக்கத்தின் கொமோத்தினியில் இருப்பது கிறிஸ்தவத் திருச்சபைப் பொருட்களின் காட்சிக்கூடம். கவாலாவின் சோம்பேறி மடம் இப்போது ஆடம்பர ஹோட்டல். அங்கே ஒரு ராத்திரி தங்க ஆகிற செலவைக் கேட்டால் சோம்பல் தானாக ஓடிவிடும். விதிவிலக்குகள் உண்டு. இஸ்தான்புல்லின் எயூப் பகுதியில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மிஹ்ரிஷா வாலிதே சுல்தான் வைத்த இமாரத் இன்றைக்கும் சோறு போடுகிறது.

பாலஸ்தீனத்தில் அடுப்பு அணையவே இல்லை. ஹெப்ரோனில் இப்ராஹீம் நபியின் பெயரால் நடக்கும் தக்கிய்யா உதுமானியரை விடப் பழையது. பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரவ் 1047இல் அங்கே போனபோது, வந்தவர்க்கெல்லாம் ஒரு ரொட்டி, எண்ணெய் விட்டுச் சமைத்த ஒரு கிண்ணம் பருப்பு, கொஞ்சம் உலர்திராட்சை கொடுத்ததாகவும், சில நாட்களில் ஐந்நூறு பேர் வரை வந்ததாகவும் எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் பரிமாறும் நேரம் வந்தால் முரசு கொட்டி அறிவிப்பார்கள். விருந்தாளி இல்லாமல் சாப்பிட உட்காராதவர் என்று இப்ராஹீமைச் சொல்வார்கள். அதனால் அந்த ஊரில் யாரும் பசியோடு தூங்குவதில்லை என்பது ஹெப்ரோன்காரர்களின் பெருமை. ஜெரூசலேமில் ஹுர்ரம் வைத்த கூடத்தின் பெரும்பகுதி இப்போது முஸ்லிம் அநாதை இல்லமும் பள்ளியும். அதன் ஒரு பக்கத்தில் 'தக்கிய்யா ஹாஸெக்கி சுல்தான்' என்ற பழைய பெயரிலேயே சமையல் நடக்கிறது. ரமலானில் அடுப்புக்கு ஓய்வே கிடையாது.

இரண்டு இடங்களிலும் எடுத்த புகைப்படங்கள் ஆண்டுதோறும் செய்திகளில் வருகின்றன. பெரிய பாத்திரம், ஆவி, நீளமான அகப்பை. தடுப்புக்கு இந்தப் பக்கம் பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒன்று நீண்டிருக்கிறது: பிளாஸ்டிக் டப்பா, அலுமினியச் சட்டி, கைப்பிடி போட்ட வாளி. அங்கே உட்கார்ந்து யாரும் சாப்பிடுவதாகத் தெரியவில்லை. ஒரு பையன் நிரம்பிய வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் இருக்க உடம்பைப் பின்னால் சாய்த்து, படியில் இறங்கிக்கொண்டிருக்கிறான்.